தாட்சண்யம் என்னும் சொல்லும் கண்ணோட்டமும்

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ விலை ஏறிக் கிடக்கும் ஒரு விடியற்காலையில், பழைய பாக்கியே தீராத மாலை கட்டுபவர் ஒருவர் மறுபடியும் கடனுக்கு வந்து நின்றால், வியாபாரி ஒரு கணம் தராசைப் பார்த்துவிட்டுப் பூவை அள்ளிப் போடுவார். ஏன் என்று கேட்டால், "முகத்தப் பாத்துட்டு எப்பிடி இல்லேண்ணு சொல்லதுக்கு?" என்பார். இந்த மறுக்கமாட்டாமைக்கே தாட்சண்யம் என்று பெயர்.

இச்சொல் வடமொழியின் தாக்ஷிண்யம். அதற்கு அடியான தக்ஷிணம் என்பதற்கு வலப்பக்கம், திறமை, இணக்கம், தென்திசை எனப் பல பொருள்கள் உண்டு. கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு வலக்கைப் புறம் தெற்காக அமைவதால் திசைப்பொருளும் அதனுள் அடங்கியது. புதியவள்மேல் மனம் சென்ற பின்னும் முன்னவளிடம் பரிவு குறையாமல் நடப்பவனை வடமொழி நாடக இலக்கணம் தக்ஷிண நாயகன் என்று வகுத்திருப்பது, மனம் நோகாமல் இணங்கிப்போதல் என்ற பொருளைத் தெளிவாகக் காட்டும். தமிழில் தாட்சணியம், தாட்சிண்யம் என்றும் எழுதுவர். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்தாருக்கு, மலையாளத்தின் தாக்ஷிண்யமும் பழகிய சொல்லே.

இதற்கு இரக்கம் என்று பொருள் எழுதிவிடுவது பிழை. இரக்கம் முன்பின் அறியாதவர்மேலும் பிறக்கும்; தாட்சண்யத்துக்கோ பழகிய முகம் வேண்டும். இந்த நுட்பம் சிதையாத தமிழ்ச்சொல் கண்ணோட்டம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் சொன்னதை மறுக்க முடியாமை என்றும், கண் அவர்மேல் சென்றபோது நிகழ்வதால் அப்பெயர் வந்தது என்றும் பரிமேலழகர் விளக்குகிறார். பூ வியாபாரி சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

"பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க
நாகரிகம் வேண்டு பவர்"

என்ற குறளில் வரும் நாகரிகத்துக்கும் அவர் கண்ணோட்டம் என்றே உரை சொல்கிறார். நஞ்சை ஊற்றுவதைக் கண்ட பின்னும் குடித்து அமையும் அளவுக்குத் தாட்சண்யம் போகலாமா என்று இன்றைய வாசகர் கேட்பது நியாயமே. வள்ளுவரே அதற்கு வரம்பும் கட்டியிருக்கிறார்: "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு" என்கிறார், நீதி வழங்குமிடத்தில் "ஓர்ந்துகண் ணோடாது" என்று அடியோடு விலக்குகிறார்.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. இன்று கண்ணோட்டம் என்றால் பலரும் பார்வைக் கோணம் என்றே கொள்கின்றனர். 'சமூகக் கண்ணோட்டம்', 'வரலாற்றுக் கண்ணோட்டம்' என்று எழுதி எழுதிப் பழைய பொருள் மறைந்துபோனது. கன்னியாகுமரிப் பாறையில் 133 அடி உயரத்தில், வடசொல்லின் வேரில் உள்ள அதே தென்திசையின் முனையில், நிற்பவரின் சொல்லுக்கு இந்த நிலை.

எனவே 'தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற அறிவிப்பில் 'கண்ணோட்டமின்றி' என்று மாற்றினால் வாசகர் குழம்புவார். 'எவரிடமும் கண்ணோடாமல்' என்றால் பொருள் விளங்கும். கண்ணோடு என்ற வினை இன்னும் வேறு பொருளுக்குப் போகவில்லை. பார்வைக் கோணத்துக்கு நோக்கு, பார்வை என்ற சொற்களே போதும் என்பது என் எண்ணம்.