கேள்விக்குறி விழுந்த பெயர் திரும்பி வராது

மலேசியாவில் பேராக் மாநிலத்து பாகான் செராய் பக்கம் கோயில், மாதா கோயில், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் என்று யார் அகப்பக்கம் போட்டாலும், எழுத்து உடைந்தால் என் கடைக்குத்தான் வருவார்கள். வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, ஃபாண்ட் இல்ல போல, ஒன்னு ஏத்திக் குடுங்க."

பெரும்பாலும் இது ஃபாண்ட் (எழுத்துரு) கோளாறே இல்லை. 1990களில் அப்படித்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கும்; அப்போது ஐரோப்பிய மொழிகளின் கோடு போட்ட எழுத்துகளுக்கு என்று ஒதுக்கிய 128க்கு மேற்பட்ட இடங்களில்தான் பல ஃபாண்டுகளில் தமிழைக் குடிவைத்திருந்தார்கள், அதனால் அந்தந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் தமிழ்க் கடிதம் பிரெஞ்சுக் கடிதம் மாதிரி தெரியும். அந்தக் காலத்துக் கோப்பு கையில் இருந்தால் ஃபாண்டைத் தேடி அலையாமல் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறைக்கு) மாற்றிவிடுங்கள்.

இப்போது வரும் கோளாறு வேறு. எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இங்கே தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றத்துக்கு வழிசெய்த பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஃபே, 1896இல் மலாக்கா ஆயரானவர். அவர் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் இரண்டு சொல்லிலும் ஆங்கில 'ஈ' (e) எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு நிற்கும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய லத்தீன்-1 முறையில் அந்த எழுத்து ஒரே பைட் (0 முதல் 255 வரை ஓர் எண்ணைப் பிடிக்கும் சேமிப்பு இடம்), எண் 233. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் அதுவே 195, 169 என்று இரண்டு பைட். யூடிஎஃப்-8இல் எழுதியதை உலாவி லத்தீன்-1 என்று நினைத்துப் படித்தால், அலைக்கோடு போட்ட பெரிய 'ஏ'யும் (A) பக்கத்திலேயே காப்புரிமைக் குறியும் வந்து நிற்கும். தமிழுக்கு ஒரு எழுத்துக்குறிக்கு மூன்று பைட், நடு பைட் பெரும்பாலும் ஒரே எண், அதனால் வட்டத்துக்குள் 'ஆர்' (R) போட்ட குறி வரிக்கு வரி கொட்டிக் கிடக்கும்.

மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இந்தத் தொல்லை கிடையாது. அவை ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துப் பட்டியலின் 128 இடங்களுக்குள்ளேயே முடிந்துவிடும், இந்த இரண்டு முறையில் எதில் படித்தாலும் ஒன்றுதான். அதனால்தான் பக்கத்தைச் செய்து கொடுத்தவர் மலாயில் சோதித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

முக்கியமான விஷயம் இதுதான். விநோத எழுத்துகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், உள்ளே பைட்டுகள் அநேகமாகப் பத்திரமாக இருக்கும், மீட்கலாம். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், உலாவி பழைய முறைக் கோப்பை யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கிறது. அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள், மூலக்கோப்பில் எழுத்து இன்னும் இருக்கும். வெறும் கேள்விக்குறிகளே வரிசையாகத் தெரிந்தால்தான் வயிற்றைக் கலக்கும். சேமிக்கும்போதே, அப்போது பயன்படுத்திய முறையில் இடமில்லாத எழுத்தை மென்பொருள் தூக்கி எறிந்துவிட்டது என்று அர்த்தம். பழைய பிரதி இல்லையென்றால் பெயர்களை மறுபடி தட்ட வேண்டியதுதான்.

பக்கத்தைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. பக்கத்தின் எழுத்து முறையைச் சொல்லும் மெட்டா சார்செட் வரியில் யூடிஎஃப்-8 என்று போட்டு, அதைப் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் வையுங்கள். வைத்தும் மாறவில்லையா? பக்கத்தை அனுப்பும் சர்வர் வேறு ஏதாவது சொல்லி அனுப்புகிறதா என்று பாருங்கள், மெட்டா வரியைவிட சர்வர் சொல்வதற்குத்தான் மரியாதை. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் என்றால் யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்று அதில் பெயர் வைத்திருப்பது மூன்று பைட்டோடு நின்றுவிடும், எமோஜிக்கு நான்கு வேண்டும். (அந்தப் பெயரை வைத்தவரைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.)

தேடினால் கிடைக்காத பெயர் இன்னொரு தலைவலி. 'கொ' என்று திரையில் தெரிவதை, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம், தனித்தனி இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. தலையில் கோடு போட்ட 'ஈ'க்கும் இதே கதை. பெயர்களை உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள், யூனிகோடில் அதற்கு என்எஃப்சி என்று முறையே இருக்கிறது.

அப்புறம் எக்செல். உறுப்பினர் பட்டியலின் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். டேட்டா பகுதிக்குப் போய் உள்ளே இழுங்கள், 'ஃபைல் ஆரிஜின்' என்று கேட்டால் 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் யூடிஎஃப்-8. ஏற்கெனவே திறந்து உடைந்து தெரிகிறதென்றால் 'சேமிக்கவா' என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லி மூடுங்கள். என்னிடம் வரும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது, கோப்பையே பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.