நுண்ணலைக்கு ஏது கதிரியக்கம்?

கல்லீரல் கட்டியை நுண்ணலையால் சுட்டு அழிக்கும் சிகிச்சை பற்றிய செய்திகளில் ‘நுண்ணலைக் கதிரியக்கம்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மைக்ரோவேவ் ரேடியேஷனுக்கு இது தப்பான தமிழ். ‘நுண்ணலைக் கதிர்வீச்சு’ என்பதே சரி.

மைக்ரோ என்றால் கிரேக்கத்தில் சிறியது. 1 மீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகள் இவை; வழக்கமான வானொலி அலைகளைவிடக் குறுகியவை என்பதால் அந்தப் பெயர். ‘சிற்றலை’ என்பாரும் உண்டு. ஆனால் வானொலிக்காரர்கள் அந்தச் சொல்லை ஷார்ட்வேவுக்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆற்றல் அலையாகவோ துகளாகவோ பரவினால் அது கதிர்வீச்சு. வெயிலும் அதில் சேர்த்திதான். கதிரியக்கம் வேறு: ரேடியம், யுரேனியம் போன்றவற்றின் அணுக்கரு தானாகச் சிதைந்து கதிரை உமிழும் தன்மை. 1896இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கெரல் கண்டறிந்ததற்கு 1898இல் கியூரி தம்பதியர் வைத்த பெயரின் தமிழாக்கம் அது. ரேடியத்தை அணைத்துவைக்க முடியாது. நுண்ணலைக் கருவியின் சுவிட்சை அணைத்தால் அலை அத்தோடு நின்றது.

“எப்படிச் சொன்னாலும் மக்களுக்குப் புரிகிறதே” என்கிறார்கள். புரிவது அணுகுண்டும் செர்னோபிலும்தான்! கதிரியக்கப் பொருளின் கதிர் ஆபத்தானது, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுப்பதால்தான். அதற்குப் பத்து எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் ஆற்றல் வேண்டும். 2.45 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் ஒரு ஃபோட்டானில், அதாவது ஒரு ஆற்றல் துணுக்கில், இருப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. டிஎன்ஏ இழையை நேராக அறுக்கும் வலு அதற்கு இல்லை. திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழித்துச் சூடேற்றுகிறது. சிகிச்சையில் வேலை செய்வது அந்தச் சூடுதான். கட்டியில் பெரும்பாலும் நீர்ச்சத்து கூடுதல், அதனால் அலையை அதிகம் உறிஞ்சும். அதன் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்தவை, ஏறிய சூட்டைக் கடத்திவிடத் திணறும். சுட்டு அழிக்காமல் 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் மட்டும் வைத்தால் புற்றுசெல்கள் தளர்ந்து, மருந்துக்கும் எக்ஸ்-கதிருக்கும் எளிதில் மடியும்.

‘நல்ல செல்லைத் தொடாமல் புற்றுசெல்லை மட்டும் தேடி அழிக்கும்’ என்று எழுதுவது அடுத்த பிழை. சுட்டு அழிக்கும்போது, கட்டிக்குள் செருகிய நுண்ணலை ஊசியின் முனையில் 60 டிகிரியைத் தாண்டினால் இரண்டுமே வெந்துபோகும். ஸ்கேன் பார்த்து ஊசியைச் சரியான இடத்தில் இறக்கும் மருத்துவரின் கைதான் பக்கத்துத் திசுவைக் காக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் அகப்பட்டதை ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. கட்டியோடு வருபவர் ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறார். அவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் ‘கதிரியக்கம்’ என்று இருந்தால், வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்றுதான் கேட்பார். தாராளமாகத் தூக்கலாம், நுண்ணலை அவர் உடம்பில் எந்தக் கதிரையும் விட்டுவைப்பதில்லை.