காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த தாள்

வடசென்னையில் ஒரு பழைய குடியிருப்பு. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. பிசியோதெரபிஸ்டாக வேலைக்கு வந்த புதிதில் அந்த வீட்டுக்குப் போனேன். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பையனுக்கு அப்போது ஏழு வயது. டூஷென் தசைச்சிதைவு, தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் மரபணு நோய். இரண்டு மாதம் முன்பு நான் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள் எங்கே என்று கேட்டேன். தினசரிக் காலண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார் அவன் அம்மா. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கப் பால் கணக்கு.

ஒன்பது பயிற்சிகள், காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் என்று எழுதியிருந்தேன். "எப்ப மேடம் செய்யறது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஐந்தரைக்கு எழுந்து கீழே போய்த் தண்ணீர் பிடித்து மூன்று மாடி ஏற்ற வேண்டும். சமையல், மகளுக்கு டிபன் பாக்ஸ். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் பையனால் தானாக எழ முடியாது, கதவருகே ஒருவர் காத்து நிற்க வேண்டும். அப்புறம் பள்ளி. ஒன்பதரைக்கு அவர் தையல் வேலைக்குப் போயாக வேண்டும். இதில் என் முக்கால் மணி நேரத்தை எங்கே செருகுவது? காலண்டருக்குப் பின்னால்தான்.

அன்றிலிருந்து எந்தக் குடும்பம் வந்தாலும் பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்பேன்: "நேத்து காலையிலருந்து ராத்திரி வரைக்கும் என்ன நடந்ததுன்னு சொல்லுங்க." பாதி வைத்தியம் அந்தப் பதிலில் இருக்கிறது.

அந்த வீட்டில் ஒன்பதை மூன்றாகக் குறைத்தோம். கார்ட்டூன் பார்க்கும் அரை மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்ப்பது. இடுப்பின் முன்பக்கத் தசை நீள அது போதும். ராத்திரி அப்பா கதை சொல்லிக்கொண்டே குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மெதுவாக மேலே மடக்குவது. மூன்றாவது, கால் ஸ்பிளின்ட், அதாவது பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் தாங்கி. ராத்திரி முழுக்கப் போடச் சொல்லியிருந்தேன். மே மாதம், கரண்ட் போன ராத்திரியில், பிளாஸ்டிக் ஸ்பிளின்டோடு எந்தக் குழந்தை தூங்கும்? வீட்டுப்பாடம் எழுதும் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்கினோம், உள்ளே பருத்தி சாக்ஸ் போட்டு.

இந்த நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் வருகிறது. தசை நாரைச் சுற்றியுள்ள சவ்வுக்கு வலு தருவது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். எக்ஸ் குரோமோசோமில் அதற்கான மரபணு பழுதானால் அந்தப் புரதம் உருவாவதில்லை. உள்தையல் இல்லாத துணிப்பைபோல ஒவ்வொரு முறை இழுபடும்போதும் சவ்வு கொஞ்சம் கிழிகிறது. பையன் மூன்று நான்கு வயதில் அடிக்கடி விழுவான், நுனிக்காலில் நடப்பான், கெண்டைக்கால் கொழுகொழுவென்று இருக்கும். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுவான். லண்டன் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் 1879-ல் விவரித்த அடையாளம் இது. ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகளின் அளவு ஏறியிருப்பதைப் பார்த்துக் கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன. சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் பல ஆயிரத்தில் நிற்கும், உடனே சந்தேகம் வந்துவிடும்.

தாத்தாக்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. "நோஞ்சானா இருக்கான், தோப்புக்கரணம் போட்டா கால் உரமாகும்" என்று பிள்ளையார் முன் இருபத்தொன்று போடவைத்த தாத்தாவை எனக்குத் தெரியும். அத்தனையும் பாசம்தான். ஆனால் தோப்புக்கரணத்தில் கீழே இறங்கும்போதும், மாடிப்படி இறங்கும்போதும், தசை இறுகியபடியே நீளுகிறது. இந்தக் குழந்தைகளுக்கு அதிகம் கிழிசல் விழுவது அப்போதுதான். விளையாடட்டும், நடக்கட்டும், தண்ணீரில் நீந்தினால் ரொம்ப நல்லது. களைத்தால் உட்கார விட வேண்டும். ஓடியாடிய மறுநாள் கால்வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் அது தசை உடைந்ததன் அடையாளம், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை நடக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும். கூடவே பசியையும் கொண்டுவரும். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி தட்டோடு நிற்பான். முகம் உப்பும். கல்யாண வீட்டில் பார்க்கிற உறவுக்காரர்கள், "பையன் தேறிட்டானே!" என்பார்கள். அந்த அம்மா சிரித்து வைப்பார். உப்பிய முகத்தைப் பார்த்துப் பயந்து ஒருநாள் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுகிற அப்பாக்களும் உண்டு. இது ஆபத்து. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பைக் குறைத்து வைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே உலை வைக்கலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை மறப்பதும், வாந்தியில் மாத்திரை வெளியே வருவதும் இதே கணக்குத்தான். அப்படி ஆனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், "ஸ்டீராய்டு எடுக்கிற பையன்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் நிலை வந்தால் நோயின் பெயரையும் சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இவர்களுக்குக் கூடாது. இதயமும் தசைதான் என்பதால் வருடம் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) தவறக் கூடாது.

"எங்க வம்சத்துல இப்படி யாருமில்ல" என்று மாமியார் சொன்னதை அந்த அம்மா என்னிடம் மூன்றாவது வருடம்தான் சொன்னார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பையன்களுக்கு இது அம்மாவிடமிருந்து வருவதில்லை, மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம். மற்றவர்களுக்கு அம்மாவிடமிருந்து வந்தாலும் அது அவர் குற்றமா? தன் கண் நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இந்த விஷயத்தை அம்மாவிடம் தனியாகச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். அப்பாவும் முடிந்தால் பாட்டியும் உட்கார்ந்திருக்கும்போதுதான் சொல்வேன். தனியாகச் சொன்னால் அதை வீட்டில் போய்ச் சொல்லி நிரூபிக்கிற வேலையும் அவர் தலையில் விழும்.

அந்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. பதினான்கு வயது. தம்பியின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவாள். யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை, நான் உட்பட. ஒருநாள் அவளே கேட்டாள்: "எனக்கும் இது இருக்குமா மேடம்? எனக்குப் பொறக்கற பசங்களுக்கு வருமா?" அம்மாவிடம் அந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு மகளும் அதைச் சுமப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு. சுமந்தாலும் பெரும்பாலான பெண்களுக்குத் தசை பலவீனம் வராது, ஆனால் பெரியவர்களான பின் இதயத்தைக் கவனிக்க வேண்டும். பரிசோதனை செய்வதா வேண்டாமா என்பதை வயது வந்த பிறகு அவள் தீர்மானிக்கலாம், அவள் கல்யாணத்தை முன்னிட்டு வேறு யாரும் தீர்மானிக்க வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை டியூஷனுக்கு அவள் போகவும், அன்று அப்பா சீக்கிரம் வரவும் ஏற்பாடானது. எனக்கென்னவோ நான் அந்த வீட்டில் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று தோன்றும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை வாங்குங்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்டுப் பெறலாம், கேட்க வெட்கப்படாதீர்கள்.

இப்போது பையனுக்குப் பன்னிரண்டு. வீல்சேர் வந்துவிட்டது. அது தோல்வி என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்கள், வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதையை 2022 நவம்பரில் அங்கே திறந்தார்கள். மறுமாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. பல வருடத்துக்குப் பிறகு கடலைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தவன் என்னிடம் சொன்னது, அக்கா தன் பங்குச் சுண்டலையும் தின்றுவிட்டாள் என்ற புகார்.

வீல்சேர் வந்த பின் மூன்றாவது மாடி சரிப்படாது. தரைத்தள வீடு பார்க்கச் சொன்னேன். அவன் அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதே தெருவில் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். மாடியில் அவனைத் தூக்க வேண்டும், கீழே என்றால் மழைக்கு எல்லாவற்றையும் தூக்க வேண்டும். நான்கு மாதம் அலைந்து மூன்று படி உயரமுள்ள ஒரு வீடு கிடைத்திருக்கிறது. மூன்று படி என்றால் ஒன்றரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு, ஆக மொத்தம் பதினெட்டு அடி. வாசலில் இருப்பது ஆறு அடி. பக்கச் சுவரை ஒட்டி வளைத்துக் கொண்டுபோகலாம் என்று அளந்து காட்டினேன். வீட்டு ஓனருக்கும் சம்மதம்தான். அவருடைய பைக்கை எங்கே நிறுத்துவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.