பாதீடு: பள்ளி பட்ஜெட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நியூயார்க் மாநிலத்தில் மே பிறந்தால் பள்ளி மாவட்டத்தின் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அறிவிப்பு ஒன்று தபால் பெட்டிக்கு வந்துவிடும். அந்த மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. அடுத்த ஆண்டு பள்ளிகளுக்கு இவ்வளவு செலவழிக்கலாமா என்ற கேள்விக்கு ஊர்க்காரர்கள் ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்காக அதைத் தமிழில் சுருக்க உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ‘பட்ஜெட்’ வந்து நின்றது.

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் ‘நிதிநிலை அறிக்கை’ என்று எழுதினேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, அறிக்கையெண்டா வாசிச்சுப்போட்டு வைக்கிறது. இதுக்கு ஆக்கள் வாக்கெல்லோ போடோணும்? பாதீடு எண்டு எழுதும்.”

யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. ‘வரவு செலவுத் திட்டம்’ குற்றமில்லாத சொல்தான், ஆனால் ‘வாக்கெடுப்பு’ பின்னால் சேரும்போது வாய் வலிக்கிறது.

பட்ஜெட் என்ற சொல் ஒரு தோல் பையிலிருந்து வந்தது. லத்தீனில் ‘புல்கா’ என்றால் தோல் பை. பழைய பிரெஞ்சில் அது ‘பூஜ்’ ஆனது, சின்னப் பை ‘பூஜெத்’. ஆங்கிலத்துக்குப் போனபோதும் பை என்றுதான் பொருள். 1733இல் பிரிட்டனின் நிதிப் பொறுப்பையும் வைத்திருந்த பிரதமர் வால்போலை நையாண்டி செய்து ‘பட்ஜெட் திறக்கப்பட்டது’ என்று ஒரு துண்டு நூல் வந்தது. நிதியமைச்சர் பையைத் திறந்து காட்டுகிறாராம். நம் நிதியமைச்சர்கள் பெட்டியோடு படமெடுத்துக்கொண்டதும் அந்த வழக்கத்தின் மிச்சம்தான். 2019இல்தான் பெட்டி போய்ச் சிவப்புத் துணி வந்தது.

பாதீட்டின் கதை வேறு. பகுத்து என்பது மருவிப் பாத்து ஆகும். பகுத்து உண்பதை ‘பாத்தூண்’ என்கிறது குறள். பாதி, பாத்தி எல்லாம் அந்தக் குடும்பம்தான். ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆவது ஒதுக்கீடு, பங்கீடு ஆகியவற்றில் நாம் பார்ப்பதுதான். தொல்காப்பியத்தில் பாதீடு வெட்சித் திணையின் ஒரு துறை: பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து ஊருக்குக் கொண்டுவந்த பிறகு, யாருக்கு எத்தனை மாடு என்று பிரித்துக் கொடுப்பது. மாடு பிரித்த சொல்லை எடுத்துப் பணம் பிரிக்க வைத்திருக்கிறார்கள். இலங்கைச் செய்திகளில் இன்று இது சாதாரணமாகப் புழங்குகிறது. மூடிய பையை ஒருவர் திறந்து காட்டுவதைவிட, ஊரார் முன்னால் பங்கு பிரிப்பது இந்தப் பள்ளி விவகாரத்துக்கு எவ்வளவோ பொருத்தம். அறிவிப்பிலேயே நிர்வாகம், கற்பித்தல், மூலதனம் என்று மூன்று பங்காகத்தான் கணக்கு வரும்.

அடுத்த சிக்கல் ‘தேர்தல்’. தேர் என்றால் பலவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது. அதே நாளில் பள்ளி வாரிய உறுப்பினர்களையும் தேர்ந்தெடுப்பார்கள், அது தேர்தல். பாதீட்டுக்கு ஆம், இல்லை மட்டும்தான், ஆகவே வாக்கெடுப்பு. இதில் தோற்றால் ஜூனில் இன்னொரு முறை வாக்குக்கு விடலாம். அதிலும் தோற்றால் சொத்து வரியாகத் திரட்டும் மொத்தத் தொகையை ஒரு டாலர்கூட உயர்த்தாத பாதீட்டோடு மாவட்டம் காலம் தள்ள வேண்டும். அதைத் ‘தவிர்க்கவியலாச் செலவுப் பாதீடு’ என்று எழுதினேன். நீளம்தான், வேறு வழி தெரியவில்லை. வரித் திரட்டலுக்கு 2011இல் வந்த உச்சவரம்பைத் தாண்டக் கேட்டால் பாதிக்கு மேல் போதாது, 60 சதவீதம் ஆம் விழ வேண்டும். நியூயார்க் நகரம், பஃபலோ உள்ளிட்ட ஐந்து பெரிய நகரங்களில் இந்த வாக்கெடுப்பே கிடையாது. அங்கே பள்ளிச் செலவு நகரப் பாதீட்டுக்குள் அடக்கம்.

யாருக்கு வாக்கு? இங்கே ‘குடியிருப்பவர்’ வேறு, ‘குடிமகன்’ வேறு. 18 வயதும், அமெரிக்கக் குடியுரிமையும், அந்த மாவட்டத்தில் 30 நாள் வசிப்பும் வேண்டும். வாடகை வீட்டுக்காரருக்கும் வாக்கு உண்டு. வீடு வாங்கி வருடக்கணக்கில் வரி கட்டும் கிரீன் கார்டுக்காரருக்குக் கிடையாது. எங்கள் குழுவில் பாதிப் பேர் இந்த ரகம்.

இன்னொரு நுணுக்கம்: பள்ளி மாவட்டம் தெரிவிக்கலாம், பரப்புரை செய்யக் கூடாது. எவ்வளவு செலவு, வரி எவ்வளவு கூடும் என்று பொதுப்பணத்தில் அச்சடித்து அனுப்பலாம். ‘ஆம் என்று வாக்களியுங்கள்’ என்று அதே பணத்தில் அச்சடிக்க முடியாது என்று 1986இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் அந்த அறிவிப்பு அவ்வளவு வறட்சியாக இருக்கிறது.

கடைசியில் ‘பள்ளிப் பாதீட்டு வாக்கெடுப்பு, வரும் செவ்வாய்’ என்று அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மதுரைக்காரர் ஒருவர் கேட்டார்: “பள்ளிக்கு என்ன பாதிப்பு?” பக்கத்தில் ‘அதாவது பட்ஜெட்’ என்று சேர்த்து மறுபடி அனுப்பினேன்.