கவர்மென்ட் ஆபீஸ்ல காண்ட்ராக்ட் வேலையா? கூலி குறைஞ்சா துறையும் பதில் சொல்லணும்

நம்ம அரசியல் சட்டம் 43-வது பிரிவுல, தொழிலாளிக்கு மானமா வாழுற அளவுக்கு கூலி கிடைக்க அரசு முயற்சி பண்ணணும்னு இருக்கு. ஆனா அது வழிகாட்டுற நெறிதான், அதை மட்டும் காட்டி கோர்ட்ல கேக்க முடியாது. கேக்கக்கூடியது மினிமம் வேஜ், அதாவது குறைந்தபட்ச கூலி.

இத்தனைக்கும் ஒரு குடும்பம் வாழ என்ன தேவைன்னு கணக்குப் போட அரசுக்குத் தெரியாம இல்ல. 1957-ல இந்திய தொழிலாளர் மாநாட்டுல ஒரு அளவு வச்சாங்க: ஆளுக்கு நாளைக்கு 2700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, அதுக்கு மேல வாடகை, விறகு, விளக்கு. இதை வச்சுதான் 7-வது சம்பளக் கமிஷன் அரிசி கோதுமை ஆளுக்கு 475 கிராம், பால் 200 மில்லின்னு விலை போட்டு, மத்திய அரசோட கடைநிலை ஊழியருக்கும் அடிப்படைச் சம்பளமே 18,000 ரூபாய்னு 2016-லேர்ந்து கொண்டுவந்துச்சு. அதே ஆபீஸ்ல தரை துடைக்கிற காண்ட்ராக்ட் ஆளுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அவங்க வீட்லயும் அதே பசிதானே.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா அப்படித்தான் ஒரு அரசு அலுவலகத்துல கூட்டுறாங்க. சம்பளம் பேங்க்லதான் ஏறுது, ஆனா ஏடிஎம் கார்டு சூப்பர்வைசர் பையில இருக்கு, அவர் எடுத்து எண்ணிக் குடுக்குறதுதான் கைக்கு வருது. பே ஸ்லிப்பை அவங்க கண்ணால பாத்ததே இல்ல. காண்ட்ராக்டர்கிட்ட கேட்டா பிஎஃப் புடிச்சோம்னு ஒரே பதில்.

இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. பிஎஃப்ல தொழிலாளி பங்கை மட்டும்தான் சம்பளத்துல புடிக்கலாம், முதலாளி பங்கையும் சேத்து புடிச்சா அது தப்பு, யுஏஎன் நம்பர், அதாவது உங்க பிஎஃப் கணக்கோட நம்பர் வச்சு பாஸ்புக்கைப் பாத்தா எவ்வளவு கட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சிரும். ரெண்டாவது, காண்ட்ராக்டர் குடுக்காம விட்டா அந்தக் கூலிக்கு துறைதான் பொறுப்பு. சட்டத்துல பிரின்சிபல் எம்ப்ளாயர்னு சொல்றது அந்தத் துறையைத்தான். டெண்டர் விட்டாச்சு, எங்களுக்குச் சம்பந்தமில்லன்னு அதிகாரி கை கழுவ முடியாது. டெல்லி ஆசிய விளையாட்டுக்கு ஸ்டேடியம் கட்டுன தொழிலாளர் வழக்குல 1982-லயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிருச்சு, குறைந்தபட்ச கூலிக்குக் கீழ வேலை வாங்குனா அது கட்டாய உழைப்புன்னும் சொல்லிச்சு.

2025 நவம்பர் 21-லேர்ந்து புது ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கு. அதுப்படி கூலியைக் குறைச்சுக் குடுத்திருந்தா 3 வருஷத்துக்குள்ள மனு போடலாம், யூனியன் மூலமாவும் போடலாம், பாக்கி போக 10 மடங்கு வரைக்கும் நஷ்டஈடு போட மனுவை விசாரிக்கிற அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு. இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, குடுத்தாச்சுன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி, நீங்க இல்ல. அதனால கையில பேப்பர் இல்லையேன்னு பயந்து உக்காராதீங்க.

மத்திய அரசுத் துறைன்னா மத்திய அரசு ரேட், புகார் மத்திய தொழிலாளர் ஆணையர் ஆபீஸுக்கு. மாநிலத் துறைன்னா மாநில ரேட், அந்த ஏரியா தொழிலாளர் உதவி ஆணையர். மத்திய ரேட்ல பஞ்சப்படி ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மாறும், பழைய ரேட்டைக் காட்டி ஏமாத்துவாங்க, தேதி பாத்துக்கோங்க.

அங்கன்வாடி அக்காங்க கதை இன்னும் மோசம், அவங்க வாங்குறது கூலியே இல்லயாம், மதிப்பூதியமாம். 2018 அக்டோபர்ல மத்திய அரசு அதை மாசம் 4,500-னு வச்சுது, அதுக்கு மேல மாநிலம் சேத்துக் குடுக்குறதுதான். 2022-ல அவங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்கு, ரிட்டயர் ஆகப்போறவங்க யாராவது உங்க தெருவுல இருந்தா இதை மறக்காம சொல்லிருங்க.