இரண்டு வெள்ளி நோட்டும் அப்பாயி ஜாடையும்

சமூக மன்றத்து ஓவிய வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம், அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவை, வரைய உட்கார்ந்தேன். கையில் இருந்தது அவருடைய பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய ஒரு நகல். கண்ணுக்கு ஒரு சனிக்கிழமை, மூக்குத்திக்கு ஒரு சனிக்கிழமை என்று நான்கு வாரம் ஓடிவிட்டது. முடித்ததும் அம்மாவிடம் நீட்டினேன். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"கண்ணு அத்தை கண்ணுதான். மூக்குத்தியும் அதேதான். ஆனா இது அத்தை இல்லையே."

சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் அம்மா தெரியாமலேயே விஷயத்தின் மையத்தில் கை வைத்திருந்தார்.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். மூக்கு அப்பாவுக்கு, காது தாய்மாமனுக்கு என்று பங்கு பிரித்து முடித்த பிறகு ஒரு பெரியம்மா வந்து, "ஆனா ஜாடை என்னமோ அவ பாட்டிதான்" என்பார். உறுப்பு வேறு, ஜாடை வேறு என்று நம் பேச்சே பிரித்து வைத்திருக்கிறது. கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே எவ்வளவு இடம், மூக்கு முடிந்து உதடு தொடங்க எவ்வளவு தூரம் என்பதில்தான் ஜாடை பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

பர்சில் நம் சிங்கப்பூரின் இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டு இருந்தால் எடுங்கள். 1999இல் தொடங்கிய இந்த வரிசை நோட்டுகளில் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம் இருக்கிறது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, தலையில் இருக்கும் சொங்கோக் தொப்பியை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். கண், மூக்கு, வாய் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் தினமும் பார்த்த ஆள் கொஞ்சம் அந்நியமாகிவிடுகிறார், இல்லையா?

1969இல் ராபர்ட் யின் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். வீடு, விமானம் போன்ற படங்களையும் தலைகீழாகக் காட்டினால் அடையாளம் காண்பது கொஞ்சம் சிரமம்தான். முகத்தில் மட்டும் அந்தச் சிரமம் மிக அதிகம். 1980இல் பீட்டர் தாம்சன் இன்னும் வேடிக்கையான ஒன்றைச் செய்தார். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். முழுப் படத்தையும் கவிழ்த்துப் பார்த்தால் பெரிய குறை எதுவும் தெரியாது. நிமிர்த்தினாலோ, பேய் மாதிரி இருக்கும்.

நிமிர்ந்த முகத்தை மூளை துண்டு துண்டாகப் படிப்பதில்லை, ஒரே விழுங்காக விழுங்கிவிடுகிறது. அதற்கென்றே மும்முரமாக வேலை செய்யும் ஒரு பகுதி மூளையின் அடிப்பக்கத்தில் இருப்பதை 1997இல் நான்சி கான்விஷரும் அவர் குழுவினரும் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், கண் விழுங்குகிறது, கை கடித்துக் கடித்துத்தான் சாப்பிட முடியும். பென்சில் ஒரு நேரத்தில் ஒரு கோடுதான் போடும். இந்தச் சனிக்கிழமை வரைந்த கண்ணுக்கும் அடுத்த சனிக்கிழமை வரைந்த மூக்குக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யாரும் வரையவில்லை. அது தானாக விழுந்தது.

படத்தையும் நகலையும் தலைகீழாக வைத்து ஸ்கேல் எடுத்து அளந்தேன். கவிழ்த்தால் 'அப்பாயி' மறைந்து வெறும் கோடும் நிழலும் மிஞ்சும், அளப்பது சுலபம். முடியின் தடிமனை விட்டுவிட்டுப் பார்த்தால் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை 20 செ.மீ. வளர்ந்தவர்களுக்குக் கண்கள் ஏறக்குறையப் பாதியில் வரும். அதாவது 10இல். நான் 8இல் வைத்திருந்தேன். புதிதாக வரைகிறவர்கள் பலரும் செய்கிற தப்பு இது. நெற்றிக்கு மேலே பார்க்க என்ன இருக்கிறது என்று கவனம் முழுவதும் கண்ணிலும் வாயிலும் போய்விட, மண்டை சுருங்கிவிடுகிறது. கண் மேலே ஏறியதால் மூக்கும் நீண்டு, அப்பாயிக்கு வேறு யாரோ ஒருவருடைய முகம் வந்திருந்தது.

அப்புறம் புருவம். அதை நான் ஐந்து நிமிடத்தில் கிறுக்கி முடித்திருந்தேன். 2003இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரபலங்களின் படங்களில் சிலவற்றில் கண்களையும், வேறு சிலவற்றில் புருவங்களையும் அழித்துக் காட்டினார்கள். கண் இல்லாத முகத்தைவிடப் புருவம் இல்லாத முகத்தை அடையாளம் காண்பதுதான் கடினமாக இருந்தது! தூரத்திலும் மங்கலான வெளிச்சத்திலும் அழியாமல் நிற்கும் கறுப்புக் கோடு அது. சிராங்கூன் ரோடு அழகு நிலையங்களில் நூலால் புருவம் திருத்துகிறவர்கள் என்னைவிடப் பெரிய உருவப்பட ஓவியர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

முழுதாக விழுங்கும் இந்தத் திறமை இல்லாமலே உருவப்படம் வரைந்து பேர் வாங்கியவரும் உண்டு. அமெரிக்க ஓவியர் சக் குளோஸுக்கு முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு இருந்தது. புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிய கித்தானுக்கு மாற்றி, ஆள் உயரத்துக்கும் மேலான முகங்களை வரைந்தார். கட்டத்துக்குள் ஜாடை இல்லை, அளவு மட்டும்தான். அளவு சரியாக விழுந்தால் ஜாடை தானே வந்து சேர்கிறது.

சரி, அளவு மட்டும் போதுமா? போதாது. ஒரே ஆளுக்குப் பல முகம் உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் 40 படங்களைப் பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். முன்பின் பார்த்திராத அவர்கள் அதில் ஏழெட்டுப் பேர் இருப்பதாக அடுக்கினார்கள். அந்த இருவரையும் அறிந்த நெதர்லாந்துக்காரர்கள் எளிதாக இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பழகிய முகம் நம்மிடம் ஒரு படமாக இல்லை, நூறு படங்களின் கட்டாக இருக்கிறது. என் கையில் இருந்ததோ ஒரே ஒரு அட்டைப் படம்.

கண்களை இறக்கி, மூக்கைக் குறைத்து, புருவத்தைப் பொறுமையாக மறுபடி போட்டேன். இரண்டு வாரம் கழித்து அம்மா முன்னால் வைத்தேன். இந்தத் தடவை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப அத்தைதான். ஆனா வாய மூடிக்கிட்டு இருக்காங்களே. அவங்க எப்ப வாய மூடியிருந்தாங்க?"