‘பூ இல்லை’ என்பதும் ஒரு பதிவே

கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு முக்கால் மணி நேரத்தைச் சிறிதே தாண்டும். குளிர் விலகுவதையும் பகல் நீள்வதையும் கொண்டு மரங்கள் பருவத்தை அறியும் ஐரோப்பிய நிலை இங்கில்லை. ஆயினும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி முள்முருங்கையின் இலையற்ற கிளைகள் சிவக்கின்றன. கொன்றையும் சரஞ்சரமாகப் பூத்துத் தொங்குகிறது.

இங்கே காலத்தைக் காட்டுவது பெரும்பாலும் மழையும் மழையின்மையுமே. ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் கொழும்புக்கு ஓரளவு வறண்டவை. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வறட்சியில் சில மரங்கள் இலையுதிர்த்து நீரிழப்பைக் குறைக்கின்றன; பின்னர் தண்டில் மீண்டும் நீரேறும்போது, ஏற்கெனவே உருவாகி உறங்கிக் கிடந்த மொட்டுகள் விரிகின்றன. கோப்பியில் இது மிகத் தெளிவு: வறட்சிக்குப் பின் ஒரு நல்ல மழை விழுந்தால், ஒரு வாரம் பத்து நாளில் தோட்டமே ஒன்றாகப் பூத்துவிடும். மழை தள்ளிப்போனால் எந்த மரம் எவ்வளவு பிந்துகிறது என்பதை அறிய, ஒருவர் அதே மரத்தடிக்குத் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும்.

தன்னார்வலர்களின் பங்கு இங்கேதான் வருகிறது. இந்தியாவில் 2010 முதல் இயங்கும் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில், பங்கேற்பவர் ஒரு மரத்தைத் தெரிவு செய்து, வாரந்தோறும் அதன் இலை, பூ, காய் ஆகியவை இல்லையா, சிலவா, பலவா என்று மட்டும் குறிக்கிறார். எண்ணிக் களைப்பதை விட இந்த எளிய அளவுகோல் நம்பகமானது. இருவர் பார்த்தாலும் விடை அதிகம் மாறாது. பூத்த மரத்தைப் படமெடுத்து அனுப்பப் பலர் உண்டு. ஆனால் அந்தப் படம் மரம் எப்போது பூக்கத் தொடங்கியது என்பதைச் சொல்லாது. சென்ற வாரம் ‘பூ இல்லை’, இந்த வாரம் ‘சில பூக்கள்’ என்ற இரு பதிவுகள் சேரும்போதுதான் தொடக்க நாள் ஏழு நாள் இடைவெளிக்குள் அகப்படுகிறது. சலிப்பூட்டும் ‘இல்லை’களே தரவின் முதுகெலும்பு என்பது என் கருத்து.

தேனீக்களின் கணக்கு சற்றுக் கடினம். இலங்கையில் ஏறத்தாழ 150 தேனீ இனங்கள் உள்ளன. பறக்கும்போது இனம் பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதன்று. ஆகவே குழுவாகப் பதிந்தாலே போதும்: உடலில் பட்டைகள் கொண்ட தேனீ, சுவர் வெடிப்பில் மெழுகுக் குழாய் வாசல் அமைக்கும் கறுத்த கொசுத்தேனீ, பருத்த தச்சுத்தேனீ. பிரித்தானியாவில் வழக்கிலுள்ள முறைப்படி, 50 சென்ரிமீற்றர் சதுரத்திலுள்ள பூக்களைப் பத்து நிமிடம் கவனித்து, வரும் பூச்சிகளை எண்ணுகிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வளவில் நிற்கும் முருங்கையிலும் இதைச் செய்யலாம். தச்சுத்தேனீ வந்து அமர்ந்ததும் பூங்கொத்தே வளைந்துகொடுக்கும். கொசுத்தேனீயின் பாரம் பூவுக்குத் தெரிவதேயில்லை. முருங்கைக்கு முக்கிய மகரந்தக்காவி முன்னையதே என்பதால், வெறும் மொத்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். நேரம், வெயில், காற்று ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். மழைத் தூறலில் எடுத்த பூச்சியத்தையும் வெயிலில் எடுத்த பூச்சியத்தையும் ஒன்றாக வைக்க முடியாது.

இப்படிச் சேர்ந்த வாரப் பதிவுகளை வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைவீழ்ச்சித் தரவோடு பொருத்தினால், பூப்பு மழையைப் பின்தொடர்கிறதா, தேனீக்களின் வருகை பூப்பைப் பின்தொடர்கிறதா என்று தனித்தனியே சோதிக்கலாம். ஓர் ஆண்டின் பதிவு இதற்குப் போதாது. மழை முந்திய ஆண்டும் பிந்திய ஆண்டும் அதே மரத்தின் ஏட்டில் இருந்தாக வேண்டும்.